கலாவின் பேரில் எறிந்த குச்சிகள்

ஜாவாய்க்குக் கோபம் வந்தால் ஆற்றோர ஊரான நங்கா செலுவாயின் சந்தையில் மீன்காரர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். விடுதிப் பள்ளிக்கூடத்தில் சமையற்காரியாக வாழ்நாளில் பாதியைக் கழித்தவள். ஒருமுறை ஒப்பந்தக்காரன் புழுத்த அரிசியை இறக்கிவிட்டு, "கழுவினா சரியாப் போயிரும்" என்றான். அந்த அரிசியிலேயே சோறு வடித்து, சமையலறைக் கதவைச் சாத்தி, அவன் எதிரே ஒரு தட்டை வைத்தாள். அவன் தின்று முடிக்கும்வரை கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் நல்ல அரிசி வந்தது. அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். துக்கமா நிம்மதியா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது சந்தையில் காட்டுக் கீரையும் மூங்கில் குருத்தும், புளிக்கவைத்த டுரியான் பழமும் விற்கிறாள். கணவன் பாராவ் மரம் வெட்டும் முகாமில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்தவன். வாயையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான் என்று ஜாவாய் கேலி செய்வாள். மகள் மெலினா ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். மருமகன் ஜொகூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். மெலினாவின் குழந்தைக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. அவன் பேர் கலாவ்.

அந்தப் பேர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இபான் பழங்குடி வீட்டில் பிறக்கிற பிள்ளைக்குப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பேர் வைப்பதில்லை, சேவல்தான் வைக்கும். செத்துப்போன முன்னோர்களின் பேரைச் சொல்லிச் சொல்லிச் சோற்றை உருட்டி வைப்பார்கள். சேவல் எந்த உருண்டையை முதலில் கொத்துகிறதோ அந்தப் பேர். மெலினா மூன்று உருண்டை வைத்தாள். சேவல் மற்ற இரண்டையும் மிதித்துக்கொண்டு போய்க் கடைசியில் இருந்ததைக் கொத்தியது. அது ஜாவாயின் அப்பாவைப் பெற்ற தாத்தா கலாவுக்காக வைத்தது. ஜாவாய் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்கிற நீளவீட்டின் பொதுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதாள். அந்தச் சேவலை இன்றுவரை அறுக்கவில்லை. கிழடு தட்டிப்போய் கால்நட்டு உயர்த்திய வீட்டுக்கடியில் ராஜாபோலத் திரிகிறது.

ஊரில் ஜாவாய் கால் வைக்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆற்றங்கரையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கிற பழைய கோர்ட்டு. இரும்பு மாதிரி கனக்கிற பெலியான் மரத்தில் கட்டியது. அவள் அப்பா படகில் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை எதிர்க்கரைக்குத் திருப்பிக்கொள்வார். பிள்ளைகளும் திருப்பிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டால் துடுப்பால் தண்ணீரை வாரி மேலே அடிப்பார். விஷயத்தை அம்மாதான் பிறகு சொன்னாள்.

எதிர்க்கரையில் எங்காபாங் மரத்தோப்பு ஒன்று ஜாவாயின் மேலாற்று நீளவீட்டாருக்குச் சொந்தமாக இருந்தது. காய்க்கிற வருஷம் அதன் எண்ணெய்க் கொட்டையை விற்றே வீடு முழுக்க நிமிரும். கீழாற்று நீளவீட்டார் அது தங்களுடையது என்றார்கள். வழக்கு இந்தக் கோர்ட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் சாட்சி சரிசமம். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தலை சுற்றியது. இவர்கள் வழக்கப்படியே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அந்த வழக்கம் முழுகுவது. கோர்ட்டுப் படித்துறைக்கு எதிரே ஆற்றில் இரண்டு கம்பம் நடுவார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழுகுவார்கள். யார் தலை முதலில் மேலே வருகிறதோ அந்தப் பக்கம் தோற்றது.

மேலாற்றுப் பக்கத்துக்கு கலாவ் முழுகினார். அவர் வழக்காடியவர் இல்லை, தோப்பில் அவருக்குத் தனிப் பங்கும் இல்லை. நல்ல மூச்சுக்காரர், வீட்டார் கேட்டுக்கொண்டார்கள், இறங்கினார். அவ்வளவுதான். இரண்டு பேரும் வெகுநேரம் மேலே வரவில்லை. கரையில் கூச்சல் ஓய்ந்துபோயிற்று. தன் முன்னால் இரண்டு பிணம் விழுந்தால் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று அதிகாரிக்கு நடுக்கம் பிடித்தது. இழுங்கள் என்று கத்தினான். காவற்காரர்கள் கைக்கு எட்டிய கம்பத்தில் பாய்ந்தார்கள். கரைப்பக்கம் இருந்தது கலாவின் கம்பம். அவர்களில் ஒருத்தன் கையைக் கடித்துக்கொண்டு மேலே வந்த கலாவ் கத்தியது ஒரே ஒரு வாக்கியம்: "எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சுடா!"

அதிகாரி மேலே போய் உட்கார்ந்து, முதலில் வந்த தலை மேலாற்றுக்காரனுடையது என்று தீர்ப்பு எழுதினான். தோப்பு போயிற்று. இழுக்கச் சொன்னவனே இவனாகத் தலையைத் தூக்கினான் என்று எழுதினால் அதை என்னவென்று சொல்வது? ஜாவாயின் குடும்பம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கட்டடம் பிற்பாடு என்னென்னவோ ஆபீசாக இருந்தது, வௌவால் குடியிருந்தது, இப்போது அரசாங்கம் பழுது பார்த்து, வாசலில் பீரங்கி வைத்து, குளிர்சாதனம் போட்டுக் காட்சியகமாக ஆக்கியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

"உள்ள ஜில்லுன்னு இருக்காம்மா. இன்னிக்கு சும்மாவே விடறாங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாம்" என்றாள் மெலினா.

"உங்க தாத்தா இருந்தா கால உடைச்சிருப்பாரு."

"தாத்தா இப்ப இல்ல. வேர்க்குருதான் இருக்கு."

கொள்ளுப்பேரன் உடம்பில் வேர்க்குருவைப் பார்த்தால் அப்பாவும் இறங்கி வந்திருப்பார் என்று ஜாவாய் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு படியேறினாள்.

காட்சியகத்துக்குப் பொறுப்பு கிளமெண்ட் என்பவன். கீழாற்று நீளவீட்டுப் பையன், தலைநகரில் படித்துவிட்டு வந்தவன், சட்டையில் பேர் குத்தியிருப்பான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டத்துக்கு அவனே சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். இவர்களும் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். நன்றாகத்தான் சொன்னான். சாட்சிக் கூண்டைக் காட்டினான். அபராதத்தைக் காசாகக் கட்ட முடியாதவர்கள் ஜாடியாகவும் பித்தளைத் தாம்பாளமாகவும் கட்டிய கதையைச் சொன்னான். அதிகாரி உட்கார்ந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை என்பதால், தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் அது ஆடுமாம். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜாவாயும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் இதற்குப் பயந்தா முகத்தைத் திருப்பினோம் என்றுகூட நினைத்தாள்.

அடுத்த அறையில் கண்ணாடித் தொட்டி. அதில் நீல நிறத்தில் தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றி உறையவைத்திருந்தார்கள். இரண்டு கம்பம், இரண்டு பொம்மை மனிதர்கள். ஒன்று அடியில் சாமி கும்பிடுகிற மாதிரி அமைதியாக இருந்தது. இன்னொன்று தலையை வெளியே நீட்டி, வாயைப் பிளந்து, முழி பிதுங்கி, பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரட்டும் என்றே செய்துவைத்த முகம். பக்கத்தில் பலகை. மெலினா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது. "கலாவ், மேலாற்று வீடு. பொய் வழக்குக்காக முழுகினான். மூச்சு முட்டி முதலில் எழுந்தான். பொய்யன் என்று ஊரறிய நிரூபணமானான்."

அதோடு விட்டிருந்தால்கூட ஜாவாய் கத்திவிட்டுப் போயிருப்பாளோ என்னவோ. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு குச்சிக் குவியல் இருந்தது.

இபான்காரர்களுக்கு அதைக் கண்டால் ரத்தம் சுண்டும். ஊரைக் கெடுக்கிற பெரிய பொய்யைச் சொன்னவன் பேரில் வழியோரத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போடுவார்கள். அதுதான் பொய்யன் குவியல். அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் அவன் பேரைச் சொல்லி ஒரு குச்சி எறிய வேண்டும், எறியாமல் போனால் வயிறு கலங்கும் என்பார்கள். எறிய எறியக் குவியல் வளரும். பொய்யன் செத்தாலும் வளரும். அவன் பிள்ளையும் பேரனும் அந்த வழியாகத்தான் நடந்தாக வேண்டும். பழைய நாளில் இதற்குப் பயந்து ஊரைவிட்டே ஓடியவர்கள் உண்டு. கலாவின் பேரில் அப்படி ஒரு குவியல் எந்தக் காலத்திலும் எந்த வழியிலும் இருந்ததில்லை. இருந்த ஒரே குவியல் இந்தக் குளிர்சாதன அறையில் கிளமெண்ட் போட்டது. பக்கத்தில் ஒரு கூடை நிறையச் சிவப்பும் மஞ்சளும் பூசிய குச்சிகள். மேலே "பொய்யன்மேல் எறியுங்கள்!" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்திருந்தது.

"யாரு மொதல்ல எறியப் போறீங்க? சத்தமாப் பேரச் சொல்லி எறியணும்!" என்று கிளமெண்ட் கை தட்டினான்.

பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு எறிந்தார்கள். "கலாவ் பொய்யன்! கலாவ் பொய்யன்!" அறை அதிர்ந்தது.

மெலினாவின் இடுப்பிலிருந்த குழந்தை, ஒவ்வொரு கத்தலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு ஒரே சந்தோஷம். கையை வேறு நீட்டியது.

மெலினா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மெலினா அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னாள். "அறுவடைத் திருநாளுக்கு முன்னாடி பேர மாத்திரலாம்மா. புதுசா உருண்டை வைப்போம்."

"சேவல் வச்ச பேருடி அது."

"சேவலா பள்ளிக்கூடம் போகப் போகுது? இவன்தானே போகப் போறான். இவன் வகுப்பையும் ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போவாங்க. அந்தக் கூடையில இருந்து இவன் கையிலயும் ஒரு குச்சியக் குடுத்து எறியச் சொல்லுவாங்க. அப்ப என்ன பண்ணுவ? பேரு சொல்லி எறிஞ்சா பேரு வச்சிருக்கறவன்மேல விழும்னு நீதானே சொல்லுவ?"

ஜாவாய் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளே நம்புகிற விஷயம் அது. வேலை வெட்டி இல்லாமல் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் வந்து, பல்கூட முழுசாக முளைக்காத தன் பேரன் தலையில் சாபத்தை எறிந்துவிட்டுப் போகிறார்கள். அரசாங்கம் அதற்குக் குச்சி செய்து, வர்ணம் அடித்து, கூடையில் போட்டுக் கொடுக்கிறது!

"திருநாள் வரைக்கும் பொறு. பேர நான் சுத்தம் பண்ணித் தர்றேன். முடியலன்னா நானே உருண்டை பிடிக்கறேன்" என்றாள்.

மறுநாள் சந்தை முடிந்ததும், கீரை வாடை அடிக்கிற கையோடு கிளமெண்டின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்தத் தொட்டியில இருக்கறது எங்க தாத்தா."

கிளமெண்ட் எழுந்து நின்றான். மரியாதை தெரிந்த பையன்தான். "அப்படியாக்கா! ரொம்ப சந்தோஷம். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"செருப்பு பிஞ்சிரும். யாரு பொய்யன்? அவரா வந்தாரா, இழுத்துப் போட்டாங்களா?"

"ஆராய்ச்சி பண்ணித்தாங்கா எழுதியிருக்கு."

"யாரக் கேட்டு ஆராய்ச்சி பண்ணுன?"

"பெரியவங்களத்தான்."

"எந்த வீட்டுப் பெரியவங்கள?"

கிளமெண்ட் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான், மூடினான். "எங்க வீட்ல கேட்டேன். உங்க மேலாத்துல யாரும் அதப் பத்திப் பேசவே மாட்டேங்கறாங்களே."

"வாயத் தொறக்காதவன் பொய்யனா? நல்லாருக்குடா உன் படிப்பு. சரி, இப்ப நான் பேசறேன். எழுதிக்க. இழுத்துப் போட்டாங்க. பலகையக் கழட்டு, அந்தக் குவியலப் பிரிச்சுப் போடு."

"அக்கா, பலகையில கை வைக்கணும்னா குழு கூடணும், தலைநகர்ல இருந்து அனுமதி வரணும். மனுப் போடுங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்." பிறகு குரலைக் குழைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்புறம் குவியல் விஷயம். நீங்களே பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா? பொய்யன் குவியல ஒருதரம் போட்டா யாரும் பிரிக்கக்கூடாது. பிரிக்கறவன் தலையில அந்தப் பொய் ஏறிரும். நம்ம வழக்கமே அப்படித்தானேக்கா?"

வர்ணக் குச்சியையும் சிரிக்கிற முகத்தையும் போட்டவன் இப்போது வழக்கத்தை எடுத்து நீட்டுகிறான். அவனுக்கு அது கதவுக்கு மாட்டுகிற கொக்கி மாதிரி ஆகிவிட்டது, வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம்.

"ஆமா தம்பி. மறந்தே போயிட்டேன். பிரிக்கக்கூடாது" என்றாள்.

உள் அறைக்குப் போனாள். வர்ணக் குச்சிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கிளமெண்ட் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தான். வாசலுக்கு வந்து, பீரங்கிகளுக்கு நடுவே, முன்படியின் அடியில், கூடையைக் கவிழ்த்தாள். சந்தைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இந்தக் கோர்ட்டு பொய் சொல்லுது! அன்னிக்கும் சொன்னுச்சு, இன்னிக்கும் சொல்லுது! பொய்யன் கோர்ட்டு!"

வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கிளையை வளைத்து ஒடித்துக் குச்சிகளின்மேல் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சந்தைப் பெண்கள் கடை கட்டும்போது, கூடையை மூடியிருந்த இலைக்கொத்துகளை ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டுப் போனார்கள். படகுக்காரர்கள் கரையில் ஒதுங்கிய சுள்ளியைக் கொண்டுவந்து எறிந்தார்கள். ஜாவாயிடம் சோறு தின்று வளர்ந்த பழைய விடுதிப் பிள்ளைகள், இப்போது போலீஸும் வாத்தியாருமாக இருப்பவர்கள், வண்டியை நிறுத்தி இறங்கி எறிந்தார்கள். சில பேருக்கு யார் பொய்யன் என்பதே தெரியாது. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது, வயிறு கலங்க வேண்டாமே என்று எறிந்தார்கள்.

கிளமெண்ட் நகராட்சிக்குச் சொன்னான். துப்புரவு வேலைக்கு உங்காட் வந்தான். குவியலைப் பார்த்தான், துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டான்.

"அள்ளிப் போடுங்கண்ணே" என்றான் கிளமெண்ட்.

"நானா? எனக்கு நாலு புள்ள இருக்குங்க. நீங்க மொதல்ல ஒரு குச்சிய எடுங்க, மீதிய நான் எடுக்கறேன்."

கிளமெண்ட் குனியவில்லை. உங்காட் குவியலைச் சுற்றி அழகாகப் பெருக்கிவிட்டு, போகிறபோது துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அதன்மேல் போட்டுவிட்டுப் போனான். கிளமெண்ட் அன்றிலிருந்து பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தான்.

குவியல் முன்படிகளை மூடியது. சுற்றுலாப் படகில் வந்தவர்கள் வாசலில் நின்று படம் பிடித்துவிட்டுத் திரும்பினார்கள். திருநாள் நெருங்கியது. திருநாளை ஒட்டிப் பெரிய அதிகாரிகள் காட்சியகத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. வீட்டிலோ மெலினா உருண்டைக்குப் புது அரிசி வாங்கி வைத்துவிட்டாள். ஜாவாய் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாள். வாசலில் என்ன குவிந்தால் என்ன, உள்ளே அந்தப் பொம்மை வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தது.

திருநாளுக்கு முந்தின சந்தை நாளில் கிளமெண்ட் ஜாவாயின் கடைக்கே வந்தான். முகம் வற்றியிருந்தது. மெலினா குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உள்ள கூடை வைக்கறதயே நிறுத்திட்டேன். யாரும் எறிய வேண்டாம்னு சொல்லிட்டேன். வாசல்ல இருக்கறத நீங்களே எடுத்துருங்க. நீங்க போட்டது, நீங்க எடுத்தா ஒண்ணும் ஆகாது."

"பலகை?"

"'சிலர் வேறு விதமாகவும் சொல்கிறார்கள்'னு ஒரு வரி சேத்துக்கலாம்."

"சிலரா? என் தாத்தாவோட மூச்சு உனக்கு ஒரு வரியா?" ஜாவாய் தராசைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நடடா கோர்ட்டுக்கு. அங்க வச்சுச் சொல்றேன் உனக்குப் பதில."

அவன் முன்னால் நடக்க, இவள் பின்னால் திட்டிக்கொண்டு வர, சந்தையே அவர்கள் பின்னால் வந்தது. வாசலில் குவியலுக்கு முன்னால் ஒரு கிழவி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாங்கப் படகில் வந்தவள், கையில் பை. கிளமெண்ட் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். கீழாற்று வீட்டுக்காரி, அவனுடைய சின்னம்மா லெமோக்.

"டேய் கிளமெண்ட்டு, யாருதுடா இம்மாம் பெருசு? யாரு பொய் சொன்னா?" என்றாள் லெமோக்.

"நீங்க போங்க சித்தி, வெயில்ல நிக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். கலாவ் மூச்சு முட்டித் தானாக எழுந்தான் என்று உள்ளே எழுதிவைத்திருக்கிறது, அதற்குத்தான் இது என்று. லெமோக் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"தானா எழுந்தாரா? அடப்பாவி! நம்ம வீட்டுல திருநாளுக்குத் திருநாள் துவாக் கள்ளு உள்ள போனதும் இதத்தானேடா சொல்லிச் சிரிப்பாங்க? வெள்ளைக்காரன் பயந்தான், நாம பொழச்சோம்னு! நம்ம ஆளு பாயாங்குக்குத் தண்ணிக்குள்ளயே நெனவு போயிருச்சு, கைப்பிடி மட்டுந்தான் விடல. ஜெயிச்சவனத் தோள்ல தூக்குவாங்க, நம்ம வீட்டுக்காரங்க தலைகீழாத் தூக்கினாங்க, வயித்துல இருந்து தண்ணி போகணும்ல! அந்த மேலாத்துக்காரரு என்னடான்னா போலீஸ்காரன் கையக் கடிச்சுட்டு, எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சுடான்னு கத்துனாராம். எங்க தாத்தா அவர மாதிரியே கத்திக் காட்டுவாரு. நீ என் மடியில உக்காந்து இதக் கேட்டவன்தானே? கை தட்டினவன்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. ஜாவாய் தன் அம்மா தவிர வேறு யாரும் சொல்லிக் கேட்டிராத வாக்கியம் அது. தங்கள் வீட்டில் வெளியே சொல்லக் கூசி மூடிவைத்ததை, எதிராளி வீட்டில் கள்ளோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒருத்தன், தெரிந்தே, பொம்மை செய்து வாயைப் பிளந்து வைத்திருக்கிறான்.

லெமோக் தூங்குமூஞ்சி மரத்தடியில் விழுந்துகிடந்த சுள்ளி ஒன்றை எடுத்தாள். "கிளமெண்ட்டு பொய்யன்" என்று சாதாரணமாகச் சொல்லி எறிந்தாள். "சித்தின்னு பாத்து எறியாம போனா என் வயிறு கலங்குமே, என்ன பண்ண?"

கிளமெண்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. கோர்ட்டு என்று சொல்லி எறிந்த வரைக்கும் அது கட்டடத்தின்மேல் விழுந்தது. இப்போது பேர் வந்துவிட்டது. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

"பலகையக் கழட்டிடறேங்கா" என்றான். "பொம்மையையும், உள்ள நான் போட்ட அந்தக் குவியலையும் எடுத்துடறேன். இன்னிக்கே."

"எடு. ஆனா அது போதாது." ஜாவாயின் குரல் இறங்கவில்லை. "பேர் சொல்லித்தானே எறிய வச்ச? ஊர்ப்புள்ள எல்லாத்தையும் கத்த வச்சல்ல? அதே மாதிரி பேர் சொல்லியே எடு. இங்க நின்னு சொல்லு."

அவன் தலையைக் குனிந்து, உதட்டுக்குள் ஏதோ சொன்னான்.

"எனக்கே கேக்கல. அந்தத் தோப்பு வரைக்கும் கேக்கணும்."

கிளமெண்ட் குவியலை ஒட்டி, ஆற்றைப் பார்த்து நின்றான். எதிர்க்கரையில் எங்காபாங் மரங்கள் நின்றன. அவற்றைப் பார்த்து நெஞ்சு புடைக்கக் கத்தினான். "கலாவ் பொய் சொல்லல! கலாவ் தோக்கல! நாங்கதான் பொய் சொன்னோம்!"

கத்தி முடித்துத் திரும்பியவன், மெதுவாகக் கேட்டான். "இந்தக் குவியல்?"

"அதுக்கு என்ன பண்றது தம்பி? பிரிக்கக்கூடாதே. நம்ம வழக்கமே அப்படித்தானே."

மெலினா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அந்தக் கத்தலில் தன் பேரைக் கேட்டதும் இடுப்பிலிருந்த குழந்தை வெடுக்கென்று திரும்பி, கிளமெண்டைப் பார்த்து, முளைத்தும் முளைக்காத பல்லைக் காட்டிச் சிரித்தது. கையை நீட்டியது. மெலினா இந்தத் தடவை அதன் காதைப் பொத்தவில்லை.

"அந்தப் புது அரிசிய நாம தின்னச் சோறாக்கிரலாம்மா. இந்தப் பேருக்குத்தான் இவன் திரும்பறான்" என்றாள்.

"திரும்பாம? அவன் பேரு" என்று சொல்லிவிட்டு, ஜாவாய் கடையைப் பார்க்கப் போனாள்.